தேர்வில் கண்டிப்பு, ஆதரவில் தாராளம்

கேள்வி:

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சித்தூரில் மாங்காய் வியாபாரம் செய்கிறது. இப்போது ஒரு மாம்பழக்கூழ் (பல்ப்) ஃபேக்டரியும் இருக்கிறது. வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். காலமான அம்மாவின் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவு செய்து, வருமான வரி விலக்கும் வாங்கிவிட்டோம். ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் ரூபாய் அதற்காக ஒதுக்க முடியும். பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ நாங்களே நடத்தும் எண்ணம் இல்லை. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி கொடுக்க விரும்புகிறோம்.

செய்தி வெளியே போனதும் விண்ணப்பங்கள் வரத் தொடங்கிவிட்டன. பாதிக்கு மேல் தெரிந்தவர் சிபாரிசோடு வருகின்றன. யாரை, எப்படித் தேர்ந்தெடுப்பது? பணியாளர் சம்பளத்துக்குக் கொடுக்கலாமா, பொருளாக வாங்கிக் கொடுப்பதுதான் பாதுகாப்பா? எத்தனை ஆண்டு கொடுக்க வேண்டும்? பணம் சரியாகச் செலவாகிறதா என்று கண்காணிப்பது எப்படி?

- ஒரு வாசகர், சித்தூர்

பதில்:

நீங்களே ஒரு கட்டடம் கட்டித் திறப்பு விழா நடத்தாமல், களத்தில் ஏற்கெனவே இருப்பவர்களின் கையைப் பலப்படுத்த நினைத்தீர்களே, அதற்காக முதலில் உங்கள் குடும்பத்தை வாழ்த்துகிறேன். இந்த முடிவு பார்ப்பதற்கு எளிது. நடத்துவதற்குப் பொறுமை வேண்டும்.

உங்கள் நான்கு கேள்விகளுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் பல அறக்கட்டளைகள் தேர்ந்தெடுக்கும்போது இளகிவிடுகின்றன. தெரிந்தவர் சொன்னார் என்று காசோலை எழுதிவிடுகின்றன. அந்த அவசரம் உண்டாக்கும் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, பிறகு மாதாமாதம் அறிக்கை, புகைப்படம், ரசீது என்று நிறுவனத்தைப் படுத்துகின்றன. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். தேர்ந்தெடுப்பதற்கு முன் எவ்வளவு கண்டிப்பாக வேண்டுமானாலும் இருங்கள். தேர்ந்தெடுத்த பிறகு நம்பிக் கொடுங்கள், நீண்ட காலம் கொடுங்கள், உண்மையான செலவு முழுவதையும் கொடுங்கள்.

உலக அளவில் இதைப் பெரிதாகச் செய்துகாட்டியவர் அமெரிக்காவின் மெக்கென்சி ஸ்காட். 2020 முதல் அவர் பெரும்பாலும் விண்ணப்பம் கேட்காமலேயே, தம் குழுவைக் கொண்டு அமைதியாக விசாரித்து நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்துவந்தார். கொடுத்த பெருந்தொகையை எப்படிச் செலவிடுவது என்பதை அந்தந்த நிறுவனமே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். உங்கள் தொகை அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் சித்தூரில் இருந்துகொண்டு சத்யவேடுக்கோ ஸ்ரீகாளஹஸ்திக்கோ காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிட உங்களால் முடியும். விசாரிப்பதற்கு இதைவிட நல்ல வசதி எந்தப் பெரிய அறக்கட்டளைக்கும் கிடைக்காது.

எல்லையை வரைந்துகொள்ளுங்கள்

"ஏழைப் பிள்ளைகளின் படிப்பு" என்பது நல்ல ஆசை. ஆனால் தேர்வு செய்ய உதவும் அளவுகோல் ஆகாது. பழைய சித்தூர் மாவட்டத்துக்குள்ளேயே தேவைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பாருங்கள். ஸ்ரீகாளஹஸ்தி, சத்யவேடு பக்கத்து யானாதிப் பழங்குடிக் குடியிருப்புகளில் பெற்றோர் வேலை தேடி இடம் பெயரும்போது பிள்ளையின் படிப்பும் அறுந்துபோகிறது. நகரி, புத்தூர், நாராயணவனம் பகுதி நெசவுக் குடும்பங்களில் எட்டாவது, பத்தாவதோடு தறிக்கு உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு எல்லை மண்டலங்களின் தமிழ்வழிப் பள்ளிகளுக்குத் தமிழில் துணைப் புத்தகங்களும் படித்துக்காட்ட ஆளும் வேண்டும். குப்பம், பலமநேர் பக்கத்தில் கதையே வேறு.

2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டங்கள் பிரிக்கப்பட்டதில் திருப்பதி தனி மாவட்டமானது; மதனப்பள்ளியும் சித்தூரோடு இல்லை. ஆகவே "சித்தூர் மாவட்டம்" என்று பொதுவாக எழுதாமல், எந்தெந்த மண்டலங்கள் என்று பெயர் சொல்லியே உங்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஆறேழு மண்டலங்கள், ஒரு வயது வரம்பு, ஒரு பிரச்சினை. உதாரணமாக, "இந்த ஏழு மண்டலங்களில், 6 முதல் 14 வயதுக்குள் பள்ளியை விட்டு நிற்கும் அல்லது நிற்கப்போகும் பிள்ளைகள்." இந்த ஒரு வாக்கியம் இருந்தால், வந்து குவிந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு "எங்கள் வேலை இதுதான், மன்னிக்கவும்" என்று மரியாதையாகப் பதில் எழுதிவிடலாம். சிபாரிசு செய்தவரிடமும் அதையே காட்டலாம்.

விண்ணப்பத்துக்குக் காத்திருக்காதீர்கள்

30 லட்சத்துக்குப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து விண்ணப்பம் வாங்க வேண்டாம். விளம்பரத்துக்கு முதலில் பதில் எழுதுபவர்கள் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள், அல்லது எழுதித் தர ஆள் வைத்திருப்பவர்கள். யானாதி குடியிருப்பில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும் இரண்டு பெண்களுக்கு உங்கள் விளம்பரம் கண்ணில் படாது.

தேடிப் போங்கள். மண்டலத்துக்குப் பத்துப் பேரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இங்கே பிள்ளைகளுக்காக யார் உண்மையாக உழைக்கிறார்கள்?" அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், அங்கன்வாடி டீச்சர், கிராமச் செவிலியர் (ஏ.என்.எம்.), டுவாக்ரா மகளிர் சங்கத் தலைவிகள், மண்டல மகளிர் சமாக்யாவில் கணக்கெழுதுபவர், கிராம வங்கி மேலாளர் எல்லாரிடமும் கேளுங்கள். 2000-இல் தொடங்கிய வெலுகு திட்டம் ஆந்திரத்தின் கிராமப் பெண்களை ஊர் அளவிலும் மண்டல அளவிலும் சங்கங்களாக இணைத்து வைத்திருக்கிறது. யார் சொன்ன நாளில் வருகிறார்கள், யார் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். மூன்று வெவ்வேறு வாய்களில் ஒரே பெயர் வந்தால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திருப்பதியில் 1981 முதல் இயங்கும் ராஷ்ட்ரிய சேவா சமிதி போன்ற மூத்த நிறுவனங்களையும் சந்தியுங்கள். சிறிய நிறுவனங்கள் எங்கே தடுமாறுகின்றன, எந்த வகை உதவி உண்மையில் பயன்பட்டது என்று பல பத்தாண்டு அனுபவத்திலிருந்து சொல்ல அவர்களால் முடியும்.

காகிதங்கள் என்ன சொல்லும்?

பத்துப் பன்னிரண்டு பெயர்கள் கையில் வந்ததும் காகிதம் கேளுங்கள். பட்டியல் நீளமாக வேண்டாம்: பதிவுச் சான்று (அறக்கட்டளைப் பத்திரம், 2001-ஆம் ஆண்டு ஆந்திர சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் வந்த சான்று, அல்லது கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுச் சான்று ஆகியவற்றில் ஒன்று), வருமான வரிப் பதிவும் அது எதுவரை செல்லும் என்ற தேதியும், நிதி ஆயோக்கின் தர்ப்பண் பதிவெண், மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, நிர்வாகக் குழுவின் பட்டியல், கடைசி இரண்டு கூட்டங்களின் தீர்மான நகல். பழைய வருமான வரிச் சட்டத்தில் 12ஏபி, 80ஜி என்று சொல்லிப் பழகிய பிரிவுகளின் எண்கள் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் மாறுகின்றன. அந்தச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாவதால், உங்கள் ஆடிட்டரை வைத்தே இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தணிக்கைக் கணக்கைப் பார்க்கும்போது மொத்தத் தொகையைப் பார்த்து மயங்கவோ ஒதுக்கவோ வேண்டாம். நான்கு இடங்களில் நிதானமாக நில்லுங்கள். ஒன்று, வருமானத்தில் ஒரே நன்கொடையாளரின் பங்கு எவ்வளவு? அவர் நின்றுவிட்டால் நிறுவனமும் நின்றுவிடுமா? இரண்டு, வாடகை, வாகனம், கொள்முதல் ஆகியவை நிர்வாகியின் உறவினருக்கே போகின்றனவா? மூன்று, வாங்கிய நிதி செலவாகாமல் தங்கியிருக்கிறதா, ஏன்? நான்கு, கையிருப்பை வைத்து எத்தனை மாதம் சம்பளம் கொடுக்க முடியும்? இரண்டு மாதத்துக்கே தாங்காத நிறுவனம் கெட்ட நிறுவனம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும், இதுவரை நிதி கொடுத்தவர்கள் அதற்கு மூச்சுவிட இடம் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நிர்வாகக் குழு முழுவதும் ஒரே குடும்பமாக இருந்தால் விளக்கம் கேளுங்கள். உங்கள் பக்கமும் அதே கண்டிப்பு வேண்டும். உங்கள் அறங்காவலர் யாருக்கும் உறவோ வியாபாரத் தொடர்போ உள்ள நிறுவனம் என்றால், அவர் அதை எழுத்தில் சொல்லிவிட்டு அந்த முடிவிலிருந்து விலகியிருக்க வேண்டும். அறக்கட்டளைப் பணத்தின் பலன் உங்கள் குடும்பத்துக்கோ நெருங்கிய உறவினருக்கோ திரும்பினால் வரி விலக்குக்கே ஆபத்து.

நேரில் பார்க்க வேண்டியவை

ஐந்தாறு நிறுவனங்கள் வரை வடிகட்டியதும் நேரில் போங்கள். விழா இல்லாத சாதாரண வேலை நாளில் போங்கள். மாலை, பொன்னாடை, பேனர் எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் வேலை செய்யும் ஊர்களின் பட்டியலை வாங்கி, ஓர் ஊரை அவர்களும் இன்னோர் ஊரை நீங்களும் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஊர்களுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி வாய்ப்பாடு சொல்லச் சொல்லாதீர்கள். மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் களப்பணியாளரிடம் தனியாகப் பேசுங்கள்: சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, பிரச்சினை என்றால் யாரிடம் போவீர்கள், கடைசியாக எந்தக் குடும்பத்தைத் தேடிப் போனீர்கள்? உண்மையாக வேலை செய்பவர் பிள்ளையின் பெயரும் வீட்டு நிலைமையும் சேர்த்தே பதில் சொல்வார். நிறுவனத்தின் தலைவரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "ஆரம்பித்து, பலன் இல்லையென்று நீங்களே நிறுத்திய வேலை எது?" இதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவரை நம்பலாம், தம் வேலையை உற்றுக் கவனிப்பவருக்கே அந்தப் பதில் தெரியும்.

பிள்ளைகளோடு வேலை என்பதால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றனவா, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் குற்றப் புகாரை உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பணியாளர்களுக்குத் தெரியுமா, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் பெண்களின் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்குழு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், முதல் தவணைக்கு முன் அதை ஏற்படுத்த உதவுங்கள். செய்ய மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுக்காதவர்களுக்கும் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் காரணத்தோடு கடிதம் அனுப்புங்கள். பணம் கிடைக்காவிட்டாலும், அவர்கள் செலவிட்ட நேரத்துக்கு அந்த மரியாதையாவது கிடைக்க வேண்டும்.

சம்பளத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அதற்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியும், அதில் பெயர் எழுதலாம் என்பதால் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. ஆனால் படிப்பு என்பது மனிதர் மனிதருக்குச் செய்யும் வேலை. குப்பம் அருகே குடிபள்ளியில் 172 ஏக்கர் வளாகத்தோடு இயங்கும் அகஸ்தியா அறக்கட்டளையின் நடமாடும் அறிவியல் ஆய்வகத்தை எண்ணிப் பாருங்கள். 1999-இல் தொடங்கிய அந்த அமைப்பு அறிவியல் சோதனைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அரசுப் பள்ளிகளுக்குப் போகிறது. வண்டியை ஒருமுறை வாங்கினால் போதும். பிள்ளையின் கையில் காந்தத்தையும் கம்பியையும் கொடுத்து "நீயே செய்து பார்" என்று சொல்லும் பயிற்றுநருக்கும், ஓட்டுநருக்கும், டீசலுக்கும் ஒவ்வொரு மாதமும் பணம் வேண்டும். அது இல்லாவிட்டால் வண்டி ஷெட்டில் நிற்கும்.

"நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். அந்த 5 விழுக்காடு கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கான விதி. 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைத் தன் அலுவலகத்தில் நிர்வகிக்க அந்தக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் செலவுக்குத்தான் 5 விழுக்காடு வரம்பு. களத்தில் வேலை செய்யும் நிறுவனத்தின் செலவுக்கு அது பொருந்தாது. 20 விழுக்காடு வரம்பு என்று இன்னொன்றும் சொல்வார்கள். அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்தில் வந்தது; வெளிநாட்டு நன்கொடைக்கு மட்டும் உரியது. குடும்ப அறக்கட்டளையாகிய உங்களை இரண்டும் கட்டுப்படுத்தாது. கணக்காளருக்கும் தணிக்கைக்கும் பணம் தராமல் துல்லியமான கணக்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 6 லட்சம் கொடுப்பதாக வைத்து ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன். மூன்று ஊர் ஆசிரியைகளுக்கு மாதம் 9,000 வீதம் 3,24,000. அவர்களை வழிநடத்தும் ஒருவருக்கு மாதம் 14,000 வீதம் 1,68,000. பயணத்துக்கு 36,000. பாடப்பொருளுக்கு 30,000. கணக்கும் தணிக்கையும் 24,000. ஆசிரியைகளின் பயிற்சிக்கு 18,000. இந்த 6 லட்சத்தில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு சம்பளம். அதைப் பார்த்து வருந்தாதீர்கள். பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போகிறவருக்குக் கிடைப்பது அந்தப் பணம்தான்.

எத்தனை ஆண்டு?

முதலாண்டு ஒருவரையொருவர் அறிந்துகொள்ள. அது நன்றாகப் போனால் தொடர்ந்து மூன்று ஆண்டுக்கு ஒரே ஒப்பந்தம். ஏன் இவ்வளவு என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலிப் பள்ளியைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளில், ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள் அமர்ந்திருக்க, ஒவ்வொருவரும் தம் வேகத்தில் கற்பதற்காகப் பத்மநாப ராவ், ரமா தம்பதியும் அவர்கள் குழுவும் அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்ட முறையை உருவாக்கினார்கள். ஆண்டுக்கணக்கில் சோதித்து, திருத்தி, மீண்டும் சோதித்து எழுந்தது அது. சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கு வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கினார்கள். 2007-08 கல்வியாண்டில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் அது பரவியது. அந்த அட்டைகளின் முதல் வடிவத்தை எழுதிக்கொண்டிருந்த நாளில் யாராவது வந்து "12 மாதத்தில் என்ன விளைவு காட்டுவீர்கள்?" என்று நெருக்கியிருந்தால் அந்த முறை முளைத்திருக்காது.

நீண்ட காலம் கொடுப்பதும் என்றென்றும் கொடுப்பதும் ஒன்றல்ல. 2002-இல் ஹியூலட் பேக்கார்ட் நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து குப்பத்தில் ஒரு கணினிச் சமுதாயத் திட்டத்தை மூன்றாண்டுக்கென்று தொடங்கின. மகளிர் சங்கப் பெண்கள் கையில் கேமராவும் சூரிய ஒளியில் இயங்கும் பிரிண்டரும் கொடுத்து ஊர்ப் புகைப்படக்காரர்கள் ஆக்கியது அதில் புகழ்பெற்ற ஒரு முயற்சி. இப்படி ஒன்றில் இறங்கும் எவரும் முதல் நாளே கேட்க வேண்டியது, நான்காம் ஆண்டு பிரிண்டர் மைக்கும் பழுதுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதுதான். உங்கள் ஒப்பந்தத்திலும் முடியும் தேதியை எழுதுங்கள். தொடரப்போவதில்லை என்றால் ஓராண்டுக்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள். கடைசி ஆண்டில் பாதித் தொகையாவது கொடுத்து, வேறு நன்கொடையாளரை அறிமுகம் செய்துவையுங்கள்.

"வைப்பு நிதியாக ஒரு பெரிய தொகை கொடுத்துவிட்டால் வட்டியில் நடக்குமே" என்றும் உங்களுக்குத் தோன்றலாம். 1985 ஏப்ரலில் திருமலையில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 பேருக்கு என்று தொடங்கிய நித்திய அன்னதானம் இன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நன்கொடையை வங்கியில் வைத்து அதன் வட்டியால் அது வேரூன்றியது. ஆனால் அதன் பின்னால் ஒரு தேவஸ்தானமும் கோடிக்கணக்கான பக்தர்களும் இருக்கிறார்கள். ஆறு லட்சத்தை வைப்பாகக் கொடுத்தால் ஆண்டு வட்டியில் ஓர் ஆசிரியையின் சம்பளத்தைக்கூடக் கொடுக்க முடியாது. உங்கள் அளவுக்கு ஆண்டு நிதிதான் சரி.

பணத்தோடு வேறு என்ன கொடுக்கலாம்?

திருப்பதியில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா புற்றுநோய் மருத்துவமனைக்குத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நிலம் கொடுத்தது. டாடா அறக்கட்டளைகள் பணமும் மருத்துவ நிர்வாகத் திறமையும் கொண்டுவந்தன. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொடுத்தார். உங்கள் குடும்பத்தால் நிலம் கொடுக்க முடியாமல் இருக்கலாம். உங்களிடம் இருக்கும் வேறு சிலவற்றின் மதிப்பை நீங்களே குறைத்து மதிப்பிட்டுவிடாதீர்கள். கணக்கு வைக்கத் தெரிந்த ஆட்கள் உங்கள் தொழிலில் இருக்கிறார்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கணக்காளரை மாதம் இரண்டு நாள் அனுப்பலாம். அந்த நிறுவனங்களின் ஆசிரியைகளை ஆண்டுக்கு இருமுறை ஓரிடத்தில் கூட்டி, ஒருவர் மற்றவரிடம் கற்றுக்கொள்ள வழி செய்யலாம். கலெக்டர் அலுவலகத்திலோ வங்கியிலோ அவர்கள் குரல் எடுபடாத இடத்தில் கூடப் போய் நிற்கலாம்.

உங்கள் கடமைகளில் முதலாவது, தவணையைச் சொன்ன தேதியில் அனுப்புவது. ஜூனில் பள்ளி திறக்கிறது. மே மாதத்துக்குள் முதல் தவணை போய்ச் சேர வேண்டும். நன்கொடையாளரின் கையெழுத்து ஆகஸ்டு வரை தாமதமானால் மூன்று ஆசிரியைகள் சம்பளமில்லாமல் வேலை செய்வார்கள், அல்லது வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். இருவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் உங்கள் கடமைகளையும் அதே தெளிவோடு எழுதுங்கள்.

கண்காணிப்பு

தேர்வை நான் சொன்னபடி செய்தால் கண்காணிப்பு எளிதாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்க அறிக்கை போதும். தமிழிலோ தெலுங்கிலோ எழுதட்டும். அதில் நான்கு எண்கள்: எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள், எத்தனை பேர் அரசுப் பள்ளிக்குத் திரும்பினார்கள், எத்தனை பேர் நின்றுவிட்டார்கள். அதோடு ஒரு பத்தி: எது சரியாக நடக்கவில்லை, என்ன மாற்றப்போகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் நிதிக்கான தனிக்கணக்கு, ஆடிட்டர் கையெழுத்தோடு. ஆண்டுக்கு இருமுறை நீங்கள் நேரில் போவது. இவை போதும்.

கெட்ட செய்தியை முதலில் கொண்டுவருபவரைத் தண்டிக்காதீர்கள். பிள்ளைகள் எதிர்பார்த்த அளவு வரவில்லை என்பது தோல்வி. அதைப் பேசித் திருத்தலாம். வராத பிள்ளைகளை வந்ததாக எழுதுவது மோசடி; அங்கே நிதியை நிறுத்தி, கணக்குக் கேட்டு, தேவையானால் சட்டத்தின் வழியில் போக வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக நடத்தினால், அடுத்த ஆண்டிலிருந்து எல்லா அறிக்கைகளிலும் நல்ல செய்தி மட்டுமே வரும்.

30 லட்சத்தைப் பிரிப்பது

நான்கு கூட்டாளி நிறுவனங்களுக்குத் தலா 6 லட்சம், ஆக 24 லட்சம். பொதுக் கணக்காளர், பயிற்சிக் கூட்டங்கள், உங்கள் களப்பயணம் ஆகியவற்றுக்கு 2 லட்சம். அலுவலகத்துக்கு 1 லட்சம். அவசரத்துக்கு 3 லட்சம். 2021 நவம்பரில் திருப்பதி வெள்ளத்தில் மூழ்கியதும், ராயலசெருவு ஏரிக்கரை உடையுமோ என்று சுற்றியுள்ள ஊர்கள் காலி செய்யப்பட்டதும் நினைவிருக்கும். அப்படி ஒரு வாரத்தில், அந்த ஊர்களை அறிந்த கூட்டாளிகளிடம் உடனே கொடுக்கப் பணம் இருக்க வேண்டும்.

வரிக் கணக்கில் ஓர் எச்சரிக்கை. வருமானத்தில் 85 விழுக்காட்டையாவது அறப்பணிக்குச் செலவிட வேண்டும். 30 லட்சத்துக்கு அது 25.5 லட்சம். ஆனால் 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்துக்குப் பிறகு, இன்னொரு அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடையில் 85 விழுக்காடுதான் செலவாக ஏற்கப்படும். நீங்கள் கொடுக்கும் 24 லட்சம் 20.4 லட்சமாகத்தான் எண்ணப்படும். நேரடிச் செலவு 3 லட்சத்தைச் சேர்த்தால் 23.4 லட்சம். 2.1 லட்சம் குறைகிறது. அவசர நிதி அந்த ஆண்டு தேவைப்படாவிட்டால், மார்ச் முடிவதற்குள் அந்த 3 லட்சத்தையும் கூட்டாளிகளுக்கே பகிர்ந்து கொடுங்கள், அதில் 2.55 லட்சம் கணக்கில் ஏறி, வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். இன்னொரு அறக்கட்டளையின் மூலதன நிதிக்கென்று கொடுப்பது செலவாகவே ஏற்கப்படாது என்பதையும் மறக்க வேண்டாம். பிப்ரவரியிலேயே ஆடிட்டரோடு உட்கார்ந்து இதை முடித்துவிடுங்கள்.

இந்த ஆண்டு அவசரப்பட்டு நான்கு பேரையும் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம். முதல் ஆறு மாதம் மண்டலங்களைச் சுற்றுங்கள், கேளுங்கள், கணக்குகளைப் படியுங்கள். இரண்டு பேரோடு தொடங்குங்கள். அதனால் முதலாண்டில் மிஞ்சும் தொகையை அடுத்த ஆண்டுக்குச் சட்டப்படி ஒதுக்கிவைக்கும் படிவத்தை ஆடிட்டர் உரிய நாளில் தாக்கல் செய்யட்டும். பணம் இருப்பதால் முடிவெடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றிய அறிவு அவர்களிடம் இருக்கிறது. தேர்ந்தெடுக்கும் நாள் வரை நீங்கள் கேள்வி கேளுங்கள். அதற்குப் பிறகு வேலையை அவர்கள் நடத்தட்டும். கேட்டபோது துணை நிற்பதும் சொன்ன தேதியில் பணம் அனுப்புவதும் உங்கள் வேலை. அம்மாவின் பெயரில் நீங்கள் செய்யும் அறம் அந்த ஒழுங்கில்தான் நிலைக்கும்.